ஆச்சாரச் சமையலும் ஆயாவின் கையும்

வழவழப்பான தாளில் நான்கு வண்ணத்தில் அச்சடித்த ஒரு துண்டறிக்கை இன்னமும் என்னிடம் இருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்பை அழித்து மனை போட்ட இடத்தில் இருந்த ஒரு கட்டண முதியோர் இல்லத்தின் துண்டறிக்கை அது. இயற்கைச் சூழல், காற்றோட்டமான அறைகள், தினசரிப் பூசை, 24 மணி நேரக் கவனிப்பு, ஆச்சாரமான சைவச் சமையல் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தாமரைப் பூ வரைந்திருப்பார்கள். அதில் ‘24 மணி நேரக் கவனிப்பு’ என்பது நான்தான். நானும் என்னைப்போல இன்னும் நாலு பொம்பளைங்களும். அஞ்சு பேருமே பக்கத்துக் காலனி. ‘ஆச்சாரமான சமையல்’ என்பது எங்களை உள்ளே விடாத அடுக்களை.

2012லிருந்து 2014 வரை ரெண்டு வருசம் அங்கே வேலை பார்த்தேன். பிளஸ் டூ முடித்து, ஒரு வருட நர்சிங் உதவியாளர் பயிற்சியும் முடித்து, சான்றிதழோடு போனவள். வயசு 23. போன முதல் நாளே எனக்கு ‘ஆயா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 80 வயசுக் கிழவர் என்னை ஆயா என்று கூப்பிடுவார். அந்தப் பெயரைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இங்கே எழுத வந்தது சோறு பற்றி. சோறு பற்றியும் சோப்பு பற்றியும்.

கோயில் நுழைவு பற்றி எழுதுகிறோம். பஞ்சமி நிலம் பற்றி எழுதுகிறோம். டீக்கடை இரட்டைக் குவளை பற்றி எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் நோயிலும் முதுமையிலும் கிடக்கிறவர்கள் சாப்பிடுகிற ஓர் அடுக்களைக்குள் சாதி என்ன வேலை செய்கிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. தீட்டு என்றால் அது நம்மை அவமானப்படுத்துகிற விசயம் என்ற அளவிலேயே நம் பேச்சு நின்றுபோகிறது. நான் அதுக்கு மேலே ஒன்று சொல்ல வருகிறேன். தீட்டுப் பார்க்கிற அடுக்களை, தீட்டுப் பார்ப்பதாலேயே அசுத்தமாகிறது. அந்தச் சோற்றைத் தின்கிறவர் எந்தச் சாதியாக இருந்தாலும் அது அவர் வயிற்றைத்தான் கெடுக்கும்.

1

கட்டடத்தைச் சொன்னால்தான் சங்கதி புரியும். முன்பக்கம் அலுவலகமும் பூசை அறையும். நடுவில் நீள ஹால். ரெண்டு பக்கமும் அறைகள். மொத்தம் 38 பேர். அதில் 12 பேர் படுத்த படுக்கை. ஹாலின் ஒரு கோடியில் கக்கூஸ். பெட்பான் கழுவுவது, டயப்பர் மாற்றிய துணி அலசுவது எல்லாம் அங்கேதான். இன்னொரு கோடியில் அடுக்களை. அதற்குப் பின்னால் புழக்கடை, குழாயடி.

அந்தக் கட்டடத்தில் சோப்புத் தண்ணி பாட்டிலோடு கை கழுவுகிற தொட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அடுக்களைப் படிக்கு உள்ளே இருந்தது. அந்தப் படியை நாங்கள் தாண்டக் கூடாது. கக்கூஸில் எங்களுக்கு ஒரு குழாயும் ஒரு பிளாஸ்டிக் மக்கும். மாசத்துக்கு ஒரு சோப்பு, அஞ்சு பேருக்கும் சேர்த்து, ஸ்டோர் ரூமில் கையெழுத்துப் போட்டு வாங்கணும். பத்து நாளில் கரைந்துவிடும். மறுபடி போய்க் கேட்டால் மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்பார்: “சோப்ப என்ன திங்கிறீங்களா?” கையுறையும் அப்படித்தான். பெட்டியை அலுவலகத்தில் பூட்டி வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு ஜோடி. படுக்கையில் கிடக்கிற 12 பேருக்கு ஒரு ஜோடி கையுறை எந்த மூலைக்கு?

இப்போ சோறு ஊட்டின கதையைக் கேளுங்க. சமைக்கிற மாமி, குழைய வடித்த சாதத்தில் பருப்பும் ரசமும் விட்டு ஒரு தூக்கில் போட்டு வாசற்படியில் வைப்பாங்க. கையில் தரமாட்டாங்க. வைத்துவிட்டு ரெண்டடி பின்னால் போய் நிற்பாங்க. நாங்க எடுத்துக்கிட்டுப் போய்த் தட்டில் போட்டு, கட்டி இல்லாமல் கையால் பிசைந்து, வாயில் ஊட்டுவோம். பல்லில்லாதவர்கள், பக்கவாதம் வந்து வாய் கோணியவர்கள், ஸ்பூனைக் கடித்துக்கொள்கிறவர்கள் என்று இருப்பார்கள். அவர்களுக்கு விரலால்தான் ஊட்டணும். அரை மணி நேரத்துக்கு முன்னால் இன்னொருவர் மலத்தைத் துடைத்து, வெறும் தண்ணியில் அலசிய அதே விரல்.

என் கை கரண்டியைத் தொட்டால் தீட்டு. அதே கை சோற்றைப் பிசைந்து அவர்கள் தொண்டைக்குள் இறக்கினால் தீட்டு இல்லை. இது என்ன கணக்கு? கரண்டி அடுக்களையின் கௌரவம். கிழவியின் தொண்டை யாருக்கும் கௌரவம் இல்லை. அவ்வளவுதான்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டவர்கள் மூணு பேர் இருந்தார்கள். ரைல்ஸ் டியூப் என்பார்கள். மிக்சியில் அரைத்து வடிகட்டிய கஞ்சியை அந்தக் குழாய் வழியாக நேரே இரைப்பைக்கு விடணும். அந்தக் கஞ்சியை அப்பப்போ புதுசாக அரைத்துத்தான் கொடுக்கணும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மிக்சி அடுக்களைக்குள். நாங்கள் உள்ளே போகக் கூடாது. மாமிக்கோ 38 பேருக்குச் சமையல். அதனால் காலையிலேயே ஒரே அரைப்பாக அரைத்து, ஒரு எவர்சில்வர் ஜாடியில் ஊற்றிப் படியில் வைத்துவிடுவாங்க. ராத்திரி வரைக்கும் அதுதான். சித்திரை மாசத்தில் மூணு மணிக்கே அது நுரை கட்டும். “இது கெட்டுப்போச்சு மாமி” என்று நான் சொன்னால், “காலைல அரைச்சதுடி, என்ன கெட்டுப்போறது?” என்பாங்க. நான் கொட்டிவிட்டு இளநீரோ மோரோ விட்ட நாளும் உண்டு. பயந்துகொண்டு அதையே விட்ட நாளும் உண்டு. மறைக்கவில்லை.

பாத்திரத்துக்கு வருவோம். பத்துப் பாத்திரம் தேய்க்கிற அக்காவும் எங்க காலனிதான். குழாயடியில் தேய்த்து, வெயிலில் காயட்டும் என்று திண்ணையில் கவிழ்த்து வைக்கும். மாமி வருவாங்க. ஒரு சொம்புத் தண்ணியை அந்தப் பாத்திரங்கள் மேல் தெளிப்பாங்க. தெளித்த பிறகுதான் உள்ளே போகும். அது என்ன தண்ணி? டேங்கர் லாரியில் வந்து, சம்ப்பில் இறங்கி, மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறின தண்ணி. ரெண்டு வருசத்தில் அந்தத் தொட்டியைக் கழுவி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. குளோரின் போட்டுப் பார்த்ததே இல்லை. வெயிலில் காய்ந்து சுத்தமாகக் கிடந்த பாத்திரத்தின் மேல் அந்தத் தண்ணியைத் தெளித்து, ஈரத்தோடு அடுக்கி வைத்தால் அதற்குப் பெயர் ஆச்சாரம். அடுக்களைக்குள்ளே ஒரே ஒரு கரித்துணி. அண்டா இறக்க, மேடை துடைக்க, கை துடைக்க, தட்டைத் துடைத்து அடுக்க, எல்லாவற்றுக்கும் அதுவேதான். ரெண்டு வருசம் படியில் நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

2

2014 மே மாசம். அக்கினி நட்சத்திரம். அன்றைக்கு மத்தியானம் யாரோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, அப்பாவின் நினைவு நாளுக்குப் பணம் கட்டி அன்னதானம். வடை, பாயசத்தோடு சாப்பாடு. சோறு மீந்துபோச்சு. பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் கிடந்தது. மூடி போட்டுத் தரையிலேயே வைத்துவிட்டாங்க. மத்தியானம் முழுக்கக் கரண்டு இல்லை. ராத்திரி அதே சோற்றில் பாலும் தயிரும் ஊற்றிக் கடுகு தாளித்து ஏழரை மணிக்குப் போட்டாங்க.

பதினோரு மணிக்கு முதல் ஆள் வாந்தி எடுத்தார். விடிவதற்குள் 14 பேர். வாந்தியும் கழிச்சலும். ராத்திரி வேலையில் இருந்தது நானும் இன்னொரு அக்காவும் மட்டும். ஒரு படுக்கையைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த படுக்கை. மேனேஜருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு மணி வாக்கில் 84 வயசுப் பாட்டி ஒருத்தருக்கு நாக்கு உலர்ந்து கண் சொருகிக்கொண்டு வந்தது. அந்த இல்லத்தில் என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்ட ஒரே மனுசி அந்தப் பாட்டிதான். என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடும்.

அப்போதான் நான் படியைத் தாண்டினேன். விளக்கைப் போட்டேன். அந்தத் தொட்டியில், அந்தச் சோப்புத் தண்ணியில், ரெண்டு வருசத்தில் முதல் தடவையாக முழங்கை வரைக்கும் கை கழுவினேன். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணி கொதிக்க வைத்தேன். ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. ஆற்றிக் கலந்து விடிய விடிய ஒவ்வொருவர் வாயிலும் ஸ்பூன் ஸ்பூனாக விட்டோம்.

காலை ஆறரைக்கு மேனேஜர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி யாருக்கு எப்படி இருக்கிறது என்பது இல்லை. அடுப்பு மேல் இருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி கிச்சனுக்குள்ள போனது யாரு?”

அப்புறம் நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. மீதித் தயிர் சாதத்தை மாமரத்தடியில் கொட்டினார்கள். அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். அடுக்களையை மஞ்சள் தண்ணி விட்டு அலசினார்கள். பத்து மணிக்கு ஐயர் வந்து புண்ணியாகவாசனம் பண்ணி, கோமியம் தெளித்துவிட்டுப் போனார். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் போன் போட்டு “வெயிலுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை” என்று சொன்னார்கள். பாட்டியை மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூணாம் நாள் பாட்டி செத்துப்போச்சு. வயோதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அன்றைக்கே கணக்கு முடித்தாச்சு. “ஆயா உள்ள பூந்ததால வந்த வினை” என்று முதலாளி சொன்னாராம். நான் உள்ளே போனது ஒரு மணிக்கு. முதல் வாந்தி பதினோரு மணிக்கு. இந்தக் கணக்குக்கூடப் போடத் தெரியாதவர் இல்லை அவர். நாலு ஊரில் மனை விற்றவர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கம்மா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டுச்சு: “மீந்த சோத்துல தண்ணி ஊத்தி வைக்கக்கூடவா பாப்பா அவுங்களுக்குத் தெரியாது?”

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத எங்கம்மாவுக்குத் தெரிந்த விசயத்தைத்தான் கிருமியியல் புத்தகமும் வேறு வார்த்தையில் சொல்கிறது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியாவின் வித்து இருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. வடித்த சோற்றை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருந்தாலும், ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே குளிரில் வைத்தாலும் அது வளர முடியாது. ரெண்டுக்கும் நடுவில், வெதுவெதுப்பாக, மூடின அண்டாவுக்குள் மணிக்கணக்கில் புழுங்கவிட்டால் வளரும், நஞ்சு கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கணும், இல்லாவிட்டால் கொட்டணும். அம்மா தண்ணி ஊற்றிப் புளிக்கவிட்டது வேறு வழி. புளிப்பில் நிறையக் கிருமிகள் தலையெடுக்காது.

இளவட்டத்துக்கு இது ஒரு ராத்திரிக் கழிச்சல். 80 வயசில் அப்படி இல்லை. இரைப்பை அமிலம் குறைந்திருக்கும், எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும், தாகமே சரியாகத் தெரியாது. ரெண்டு தடவை வாந்தி எடுத்தால் உடம்பில் தண்ணி வற்றிவிடும்.

ஆனால் அந்த ராத்திரி நடந்தது அண்டாச் சோற்றால்தானா? சோப்பில்லாமல் கழுவிய எங்கள் கையாலா? தொட்டித் தண்ணியாலா? எனக்குத் தெரியாது. சோதிக்கக் கொடுக்க ஒரு பருக்கையைக்கூட அவர்கள் விட்டு வைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியும் பாட்டிக்கு ஊட்டினது நான்தான். சோறு பிசையும்போதெல்லாம் இன்றைக்கும் என் விரலைப் பார்க்கிறேன். கோமியம் தெளித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு மட்டும் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போனார்கள். நான் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

3

கணக்கு முடிக்கும்போது மேனேஜர் ஒரு வாதம் வைத்தார். “பீ அள்ளுற கையோட சமையல்கட்டுக்கு வரலாமா? நாங்க சாதி பாக்கலம்மா. இது சுத்தம். சட்டமே கூடாதுன்னு சொல்லுது.” அப்போது என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அதில் பாதி உண்மை. கழிவு எடுக்கிறவர் அதே உடுப்போடு, கை கழுவாமல் உணவுப் பக்கம் போகக் கூடாது என்பது சரியான விதி. சாதி எப்பவும் இப்படித்தான், ஒரு பாதி உண்மையைப் போர்த்திக்கொண்டு வரும்.

அதுக்கப்புறம் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006. 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இலாபத்துக்கு நடத்தினாலும் தருமத்துக்கு நடத்தினாலும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், உணவு தயாரித்து வழங்குவது உணவுத் தொழில்தான் என்கிறது சட்டம். அதன் கீழான 2011 விதிகளின் நான்காம் அட்டவணை அடுக்களைக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. உணவைக் கையாள்கிறவர்களுக்கு வருசத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி. வெட்டிய நகம். மூடிய காயம். வயிற்றுப்போக்கோ சீழ்ப் புண்ணோ இருந்தால் உணவைத் தொடாமல் விலக்கி வைப்பது. கை கழுவப் போதுமான வசதி, சோப்பு. நல்ல தண்ணீர். வரிக்கு வரி தேடிப் பார்த்தேன். பிறப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விதி வேலையைப் பிரிக்கச் சொல்கிறது. இவர்கள் ஆளைப் பிரிக்கிறார்கள். வேலையைப் பிரிப்பதென்றால் ராத்திரியில் கழிவு எடுக்க ஒருவர், ஊட்ட வேறொருவர் என்று ஆள் போடணும். அதுக்குச் சம்பளம் கொடுக்கணும். அதைச் செய்யாமல் ரெண்டையும் ஒரே கையில் கொடுத்தார்கள். நானும் அந்த அக்காவும் 38 பேருக்கு ரெண்டு வேலையும் பார்த்தோமே, அப்போது சட்டம் எங்கே போயிருந்தது? கழிவு எடுக்கிறவர் சமைக்க வேண்டாம் என்பதுதான் கவலை என்றால், எங்கள் காலனியிலிருந்து கழிவே எடுக்காத ஒருத்தரை முதல் நாளே சமையலுக்கு வைத்திருக்கலாமே. ஏன் வைக்கவில்லை? பதில் துண்டறிக்கையில் இருக்கிறது. தாமரைப் பூவுக்குப் பக்கத்தில்.

இன்னொன்று. அந்தச் சமயத்தில் மாமிக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. சீழ் வைத்து வீங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துத் துணி சுற்றியிருந்தாங்க. அந்தக் கையால்தான் தயிர் சாதம் பிசைந்தாங்க. சீழில் இருக்கிற கிருமி உணவில் விழுந்தால் அதுவும் நஞ்சாகும். மாமியை நான் குற்றம் சொல்ல எழுதவில்லை. நான் கிளம்பும்போது புழக்கடையில் என்னைப் பார்த்து, “நாலு நாளா லீவு கேட்டேன்டி, தரமாட்டேன்னுட்டான்” என்று அழுதாங்க. புருசன் இல்லாத மனுசி. அவங்களுக்கும் சம்பளம் குறைச்சல்தான். ரெண்டு வருசத்தில் அவங்களை எந்த டாக்டரும் பரிசோதித்து நான் பார்க்கவில்லை. அவங்க சாதியே மெடிக்கல் சர்ட்டிபிகேட்டாக இருந்தது. முதலாளி ஐயரும் இல்லை, ஆச்சாரக்காரரும் இல்லை. சாதி விலைபோகும் என்று தெரிந்த வியாபாரி. தீட்டு எங்கள் சோப்பைப் பறித்த மாதிரியே அவங்க லீவையும் பறித்தது. ‘சுத்தமான கை’க்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று.

4

1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு போன மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? சாணி, மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து 108 குடம் ஊற்றி. குடிக்கிற தண்ணியில் சாணியைக் கரைத்தால் சுத்தம், மனுசன் கை பட்டால் அசுத்தம். 2014இல் நான் பார்த்த அடுக்களை அந்தக் குளத்தின் இன்னொரு கரை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு என்பார்கள். 1957இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்திய மண். ஆமாம், பலகையிலிருந்து சொல் போனது. 2018 ஜூலையில் அவினாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்கப் போன அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் துரத்தினார்கள். 2023இல் காலை உணவுத் திட்டத்தில் நம் பெண்கள் சமைத்ததற்காகக் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அங்கே அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது, அதனால் விசயம் வெளியே வந்தது. கட்டணம் வாங்குகிற முதியோர் இல்லத்தின் அடுக்களைக்கு யார் போய்ப் பார்க்கிறார்கள்? உள்ளே கிடக்கிற கிழவி எந்தக் கலெக்டருக்கு மனு போடும்?

நம் ஆட்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது ஒரு தோழர் சொன்னார்: “சுத்தம், அசுத்தம் என்பதே அதிகாரம் கட்டிய எதிர்வு. சுகாதாரம் என்ற சொல்லாடலே மேல்சாதி உடம்பை மையமாக வைத்தது. நாம் அசுத்தத்தைக் கொண்டாட வேண்டும்.” தோழரே, உங்கள் கட்டுரையை மதிக்கிறேன். நீங்கள் ஒரு ராத்திரி வந்து 14 பேர் வாந்தியைத் துடைத்துவிட்டு, சோப்பில்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். கிருமிக்குச் சொல்லாடல் தெரியாது. சோப்பு அவர்களுடைய பண்பாடு என்று அவர்களுக்கே விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அது எங்களிடமிருந்து பூட்டி வைக்கப்பட்ட பண்டம். நிலத்தைக் கேட்கிற மாதிரி அதையும் கேட்கணும்.

கை கழுவுவது மேல்சாதிக்காரர் கொடுத்த அறிவும் இல்லை. 1847இல் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் ரெண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. பெரிய இடத்து டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் சாவு குறைவு. செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. எங்கள் ஆட்கள் சாக்கடையோரம் தூவுகிற அதே பிளீச்சிங் பவுடர். ஆனால் எங்கள் கை அசுத்தமா என்று பெரிய டாக்டர்களுக்குக் கோபம். அவரை ஏற்கவில்லை. 1865இல் அவர் மனநோய் விடுதியில் செத்தார். எங்கே பிறந்தது என்று கேட்டால் கிருமி அகப்படாது. கடைசியாக எதைத் தொட்டது, அப்புறம் கழுவியதா என்று கேட்டால் அகப்படும்.

5

என்ன செய்யணும்? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. நடக்கக்கூடிய நாலு காரியம் சொல்கிறேன்.

முதியோர் இல்லம், நர்சிங் ஹோம், விடுதி எதுவானாலும், நோயாளியின் கட்டிலிலிருந்து பத்தடிக்குள் குழாயும் சோப்பும் இருக்கணும். கழிவு எடுக்கிற இடத்தில் ஒன்று, ஊட்டுகிற இடத்தில் ஒன்று. பூட்டில்லாமல். கழிவு எடுக்கிறவரும் ஊட்டுகிறவரும் ஒரே நேரத்தில் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. முடியாத இடத்தில் மேலங்கி மாற்றவும் கை கழுவவும் நேரம் கொடுக்கணும். குழாய் வழிக் கஞ்சி அரைக்கவும் ராத்திரியில் தண்ணி கொதிக்க வைக்கவும் ஆயாக்கள் கையெட்டும் இடத்தில் மிக்சியும் அடுப்பும் வேண்டும். ‘ஆச்சாரமான சமையல்’ என்று விளம்பரம் செய்கிற இடங்களுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதலில் போகட்டும். அடுக்களையில் வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்றிதழைக் கேட்கட்டும். அப்படியே, எந்தெந்த ஊழியர் அந்தப் படியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், ஏன் என்றும் கேட்கட்டும். அது உணவுச் சட்டத்துக்குள் வராது என்று சொன்னால், அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது, 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

ரெண்டு பேருக்கு மேல் ஒரே நாளில் வாந்தி எடுத்தால் மீதி உணவைக் கொட்டக் கூடாது. ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து அலுவலருக்குச் சொல்லணும். உணவால் சாவு நேர்ந்தது என்று நிறுவினால் 5 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் அண்டா அவ்வளவு சீக்கிரம் கழுவப்படுகிறது. இந்த வேலையில் இருக்கிற நம் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கணும். பழி நம் தலையில் விழுவதற்கு முன்னால் அந்த ஒரு பிடிச் சோற்றை எடுத்து வைத்துவிடுங்கள். அது ஒன்றுதான் நமக்குச் சாட்சி சொல்லும்.

இதைப் படிக்கிற மாணவர்கள், எழுத்தாளர்கள், நாளைக்கு உங்கள் அம்மாவையோ அப்பாவையோ ஒரு இல்லத்தில் சேர்க்கப் போகலாம். துண்டறிக்கை கொடுப்பார்கள். பூசை அறையைக் காட்டுவார்கள். அடுக்களையைக் காட்டச் சொல்லுங்கள். சோப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் ஆயாவைக் கூப்பிட்டு, அந்தச் சோப்பில் அவர் கை கழுவலாமா என்று கேளுங்கள். ஆயா பதில் சொல்லாமல் மேனேஜர் முகத்தைப் பார்த்தால், உங்கள் அம்மாவை அங்கே விடாதீர்கள். அந்த ஆயாவையும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.